பாடம் நடத்தும் முன்பே ஸ்லைடு கொடுக்கலாமா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் பராமரிப்பு, பைக் நிறுத்தும் இடம் எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும் நேரத்தில் உங்களை உட்கார வைத்திருக்கிறேன். இருபது நிமிடத்தில் முடித்துவிடுகிறேன்.

போன மாதம் நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாக்குவாதம் நடந்தது. கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் பிள்ளையின் அம்மா ஒருவர், "நாளைக்கு நடத்தப்போகிற பி.பி.டி.யை இன்றைக்கே அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்டிருந்தார். கல்லூரியில் பாடம் எடுக்கும் இன்னொருவர், "அனுப்பிவிட்டால் வகுப்பில் யார் கவனிப்பார்கள்?" என்று பதில் போட்டிருந்தார். பிறகு இருபக்கமும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பாடம் நடத்துகிறவர்களும் இந்தக் கட்டடத்தில் இருக்கிறோம், பாடம் கேட்கிற பிள்ளைகளைப் பெற்றவர்களும் இருக்கிறோம். அதனால்தான் இதை நேரிலேயே பேசிவிடலாம் என்று செயலாளரிடம் நேரம் கேட்டேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்கூட்டியே கொடுக்க வேண்டும். ஆனால் முழுவதையும் கொடுக்கக் கூடாது. கொடுத்த பிறகு, அதையே வகுப்பில் வாசிக்கவும் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பலன். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில், இந்தக் கேள்வி ஏன் இப்போது வருகிறது? நாம் படித்த காலத்தில் வரவில்லையே? அப்போது கரும்பலகை இருந்தது. சார் எழுதுவார், நாமும் எழுதுவோம். சாக்பீஸால் எவ்வளவு வேகமாக எழுத முடியுமோ அதைத் தாண்டிப் பாடம் ஓடாது. கை வலித்தால் அவரும் நிறுத்துவார், நாமும் மூச்சு விடுவோம். 1987-ல் பவர்பாயின்ட் மென்பொருள் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நம் ஊர்ப் பக்கத்துக் கல்லூரிகளுக்கும் புரொஜெக்டர் வந்தது. சாக்பீஸ் போட்டிருந்த வேகத்தடை போய்விட்டது. ஐம்பது நிமிட வகுப்பில் நாற்பது ஸ்லைடு ஓடுவது இன்று சாதாரணம். ஒவ்வொன்றிலும் எட்டு வரி, ஒரு படம், ஒரு சமன்பாடு. பிள்ளைகள் எழுத முடியாமல் செல்போனில் படம் எடுக்கிறார்கள். முன்னால் இருப்பவன் தலையும் சேர்ந்து விழுந்த அந்தப் படங்கள், கல்யாண போட்டோக்களுக்கு நடுவே காலரியில் கிடக்கின்றன. தேர்வுக்கு முந்தின நாள் தேடினால் எது எந்தப் பாடம் என்று தெரிவதில்லை.

கரும்பலகை இருந்தபோது எழுதுவதற்கான நேரம் பாடத்துக்குள்ளேயே இருந்தது. இப்போது அது இல்லை. பறிபோன அந்த நேரத்தை வேறு எங்கேயாவது திருப்பிக் கொடுத்தாக வேண்டும். முந்தின நாள் மாலைதான் அதற்கு வசதியான இடம்.

இரண்டாவது, பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாடு பாடநூல் கழகம் 1970-ல் தொடங்கியது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பிள்ளையின் கையில் பாடப்புத்தகம் வந்துவிடுகிறது. பின்னால் நடத்தப்போகிற பாடத்தைக்கூட முன்னாலேயே புரட்டிப் பார்க்கலாம். 2018-ல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் கியூஆர் கோடு அச்சிட்டார்கள். போனில் ஸ்கேன் செய்தால் வீடியோ வரும். 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. கொரோனா காலத்தில் வகுப்பு வாரியாகப் பாடம் ஒளிபரப்பினார்கள். அரசு வலைத்தளத்தில் எல்லாப் புத்தகமும் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கிறது. புத்தகத்தை முன்னாலேயே கொடுத்துவிட்டால் வகுப்பில் யார் கவனிப்பார்கள் என்று எந்தப் பள்ளி ஆசிரியரும் கேட்டதில்லை.

பன்னிரண்டு வருஷம் இப்படிப் பழகிய பிள்ளை கல்லூரிக்குள் போகிறது. அங்கே ஒரு பாடத்துக்கு நாலு நூல்கள் பரிந்துரைப் பட்டியலில் இருக்கும். நூலகத்தில் ஒன்றிரண்டு பிரதிதான் இருக்கும். விலை கொடுத்து எல்லாரும் வாங்க முடியாது. ஆகவே ஆசிரியரின் ஸ்லைடே பாடப்புத்தகமாகிவிடுகிறது. அந்தப் புத்தகமோ ஆசிரியர் திரையைப் போடும் நிமிடத்தில்தான் முதல்முறையாகக் கண்ணில் படுகிறது. பதினேழு வயது வரை புத்தகத்தை முன்னாலேயே கொடுத்துப் பழக்கிவிட்டுப் பதினெட்டு வயதில் திடீரென்று நிறுத்துவதற்கு, பாடம் சார்ந்த காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது காரணம்தான் என்னை இங்கே பேச வைத்தது. இது எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு பிரச்சினை இல்லை.

இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, வீட்டிலும் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும் பிள்ளைக்கு ஸ்லைடு முன்னால் வந்தால் என்ன, பின்னால் வந்தால் என்ன? சமாளித்துவிடும். நம் சங்கரன்கோவில் சுற்று வட்டாரத்தில் தறி வீட்டிலிருந்தும், பூத்தோட்டத்திலிருந்தும், வீட்டில் முதல் பட்டதாரியாகக் கிளம்பிப் போகிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தது. திருநெல்வேலிக்கோ கோவில்பட்டிக்கோ ராஜபாளையத்துக்கோ பஸ் ஏறுகிறது. மருத்துவப் படிப்பில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021-லும் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழக அரசு 7.5 சதவீத இடம் ஒதுக்கியது. அப்படிச் சேர்ந்தவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கதவு திறந்தாகிவிட்டது. உள்ளே வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கியது உண்மைதான். ஆனாலும் பெரும்பாலான தொழிற்படிப்பு வகுப்புகளில் மொழி ஆங்கிலம்தான்.

அந்தப் பிள்ளை வகுப்பில் என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். காதால் ஆங்கிலத்தைக் கேட்க வேண்டும். மனதுக்குள் தமிழாக்க வேண்டும். கண்ணால் திரையில் இருப்பதைப் படிக்க வேண்டும். கையால் எழுத வேண்டும். இத்தனைக்கும் பிறகு நேரமிருந்தால் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு உதாரணம். பொறியியல் முதல் வருஷத்தில் ஆசிரியர் 'மொமென்ட்' என்கிறார். தமிழ் வழிப் பிள்ளைக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் 'கணம்', 'நொடி'. கணத்துக்கும் கதவுக் கீலுக்கும் என்ன சம்பந்தம் என்று அது யோசிப்பதற்குள் மூன்று ஸ்லைடு போய்விடுகிறது. விஷயம் என்னவென்றால், அது பத்தாம் வகுப்பிலேயே படித்த 'விசையின் திருப்புத்திறன்'தான். கணக்குப் போட்டு மதிப்பெண்கூட வாங்கியிருக்கும். 'மொமென்டம்' என்றால் உந்தம், 'இனர்ஷியா' என்றால் நிலைமம், 'ஸ்ட்ரெஸ்' என்றால் தகைவு, 'ஸ்ட்ரெயின்' என்றால் திரிபு. பாடம் தெரிந்த பிள்ளை பெயர் தெரியாததால் தோற்றுப்போகிறது. பத்துச் சொல்லை முந்தின நாள் மாலை பார்த்துத் தமிழ்ப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ள அரை மணி நேரம் கிடைத்திருந்தால், மறுநாள் அந்தப் பிள்ளை முதல் பெஞ்சில் உட்காரும்.

கல்வி உளவியலிலும் இதற்கு ஆதாரம் உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜான் ஸ்வெல்லர் 1988-ல் முன்வைத்த கருத்து இது: ஒரே நேரத்தில் மனது தாங்கக்கூடிய சுமைக்கு ஒரு அளவு இருக்கிறது, அதைத் தாண்டினால் கற்றல் நடக்காது. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்டு மேயர் இன்னொன்றைச் சொன்னார்: பாடத்தில் வரப்போகும் முக்கியமான பெயர்களையும் உறுப்புகளையும் முன்னாலேயே தெரிந்துகொண்டவர்கள் பாடத்தை நன்றாகப் பிடித்துக்கொள்கிறார்கள். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வரும் வெளியூர்க்காரருக்கு யார் மாமா, யார் சித்தப்பா என்று முன்னாலேயே சொல்லிவைப்பதில்லையா? சொல்லிவைத்தால் பந்தியில் நடக்கும் பேச்சு அவருக்குப் புரியும்.

இன்னும் சிலருக்கு இது வசதி மட்டுமல்ல, தேவை. காது சரியாகக் கேட்காத மாணவர் ஆசிரியரின் உதட்டைப் பார்த்துத்தான் பாடம் கேட்கிறார். அவரால் உதட்டையும் திரையையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. பார்வைக் குறைபாடு உள்ளவருக்குத் திரையே தெரியாது. கோப்பு கையில் இருந்தால் போன் அதை வாசித்துக் காட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, கல்வி நிறுவனங்கள் அவரவர் தேவைக்கேற்ற வசதி செய்து தர வேண்டும் என்கிறது. ஸ்லைடை முன்னால் அனுப்புவது அந்த வசதிகளில் செலவே இல்லாத ஒன்று. எல்லாருக்கும் அனுப்பிவிட்டால் யாரும் தனியாகக் கை தூக்கி, எனக்கு மட்டும் வேண்டும் என்று கேட்கவும் வேண்டாம்.

சரி, மறுபக்கத்துக்கு வருகிறேன். ஆசிரியர்கள் சொல்லும் தயக்கங்களை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றில் நியாயம் இருக்கிறது.

முதல் தயக்கம், பிள்ளைகள் வகுப்புக்கு வரமாட்டார்கள் என்பது. நம் பல்கலைக்கழகங்களில் பொதுவாக 75 சதவீத வருகை கட்டாயம். ஆகவே உடம்பு வரும். மனது வருமா என்பதுதான் கேள்வி. இதில் ஒன்றை யோசிக்க வேண்டும். ஸ்லைடு கையில் இருந்தால் வகுப்பே தேவையில்லை என்று ஒரு மாணவன் நினைத்தால், ஸ்லைடில் இல்லாத எதுவும் அந்த வகுப்பில் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஸ்லைடை ஒளித்துவைத்து அந்தக் குறையைச் சரிசெய்ய முடியாது.

இதை நேரில் அனுபவித்து எழுதிவைத்தவர் ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர். 1984-ல் அங்கே பாடம் எடுக்கத் தொடங்கினார். விரிவான குறிப்புகள் தயாரித்து, வகுப்பு முடிந்ததும் மாணவர்களுக்குக் கொடுப்பார். பாதிப் பருவத்தில் மாணவர்கள், "முன்னாலேயே கொடுத்தால் இவ்வளவு எழுத வேண்டியிருக்காதே" என்று கேட்டார்கள். அவரும் சம்மதித்துக் கொடுத்தார். பருவத்தின் முடிவில் மாணவர்களின் கருத்துப் படிவங்களைப் பார்த்தால், சிலர் ஒரு புகார் எழுதியிருந்தார்கள்: இவர் தம் குறிப்பில் இருப்பதையே அப்படியே நடத்துகிறார். குறிப்பு முன்னால் கையில் வந்த பிறகுதான் அது அவர்கள் கண்ணில் பட்டது. மாணவர்கள் சொன்னது சரிதான் என்று தமக்குப் புரியச் சில ஆண்டுகள் ஆயின என்று 'சயின்ஸ்' இதழில் 2009-ல் அவரே எழுதினார். பிறகு முறையை மாற்றினார். படிக்க வேண்டியதை மாணவர்கள் முன்னால் படித்துவிட்டு வருவார்கள். வகுப்பில் அவர் ஒரு கேள்வி போடுவார். ஒவ்வொருவரும் விடை சொல்வார்கள். பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிவிட்டு மறுபடியும் விடை சொல்வார்கள். இன்று உலகம் முழுக்க இந்த முறையைப் பல கல்லூரிகள் பின்பற்றுகின்றன.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் சின்ன ஊர் ஒன்றில், பள்ளி ஆசிரியர்கள் இரண்டு பேர் 2007-ல் இதற்குப் பக்கத்தில் ஒரு வேலை செய்தார்கள். விளையாட்டுப் போட்டிகளுக்காக வெளியூர் போய் வகுப்பைத் தவறவிடும் பிள்ளைகளுக்காகப் பாடத்தைப் பதிவு செய்து வைத்தார்கள். பிறகு எல்லாருமே வீட்டில் பார்த்துவிட்டு வரட்டும், வகுப்பில் கணக்கும் சோதனையும் செய்வோம் என்று மாற்றினார்கள். நம் நாட்டில் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில், பேராசிரியர்களின் பாடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. ஐ.ஐ.டி. ஆசிரியரின் பாடமே ஊருக்குப் பொதுவாக இருக்கும்போது, நம் கல்லூரிப் பாடத்தை அதன் சொந்த மாணவர்களுக்கு ஒரு நாள் முன்னால் காட்டுவதில் பயம் தேவையில்லை.

இரண்டாவது தயக்கம், ஸ்லைடு கையில் இருந்தால் பிள்ளைகள் எழுதுவதை விட்டுவிடுவார்கள் என்பது. இது உண்மையான ஆபத்து. நமக்கும் பழக்கமானதுதான். கோனார் உரை கையில் இருந்தால் செய்யுளைப் படிக்காமல் பொழிப்புரையை மட்டும் படித்துவிட்டுப் பரிட்சைக்குப் போனவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். தவறு உரையில் இல்லை. செய்யுளுக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தியதில் இருந்தது. கையால் எழுதிக் குறிப்பெடுப்பவர்கள் லேப்டாப்பில் தட்டுகிறவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று 2014-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்து பெரிதாகப் பேசப்பட்டது. பிறகு அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. பேனாவா விசைப்பலகையா என்பதைவிட, கேட்டதைத் தன் சொல்லில் மாற்றி எழுதுகிறானா என்பதுதான் முக்கியம். எல்லா வரியும் அச்சிட்டு வந்துவிட்டால் அந்த மாற்றி எழுதும் வேலை நின்றுபோகும்.

அதனால்தான் முழுவதையும் கொடுக்கக் கூடாது என்று சொன்னேன். முந்தின நாள் அனுப்ப வேண்டியது ஒரே ஒரு பக்கம். அதில் நான்கு விஷயங்கள் போதும். ஒன்று, பாடத்தில் வரப்போகும் புதுச் சொற்கள், எட்டோ பத்தோ, முடிந்தால் பக்கத்தில் தமிழ்ச் சொல்லோடு. இரண்டு, முக்கியமான படம், ஆனால் பாகங்களின் பெயர் எழுதாமல். மூன்று, வகுப்பில் போடப்போகும் கணக்கு, விடை இல்லாமல். நான்கு, யோசித்துவிட்டு வர வேண்டிய இரண்டு கேள்விகள். வகுப்பு முடிந்த அன்று மாலை முழு ஸ்லைடையும் அனுப்பிவிடலாம். வராதவர்களுக்கும் அது உதவும்.

பொருளியல் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் பாடம் தேவையும் அளிப்பும். முந்தின நாள் பக்கத்தில் கிடைக்கோடும் செங்குத்துக்கோடும் மட்டும் வரைந்து, கீழே ஒரு கேள்வி: "நம் ஊர்ப் பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளைக்கு மல்லிகை விலை ஏறுகிறது, மறுநாள் இறங்குகிறது. செடியில் பூத்த பூ குறைந்ததா, வாங்குகிறவர்கள் கூடினார்களா? பனிக்காலத்தில் விலை ஏறுவதற்கும் இதுதான் காரணமா?" இதைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை வீட்டில் ஒரு வார்த்தையாவது கேட்கும். பூக்கட்டும் பாட்டியிடம் கேட்டாலும் பதில் கிடைக்கும். மறுநாள் ஆசிரியர் கோட்டை வரையும்போது, எந்தக் கோடு எந்தப் பக்கம் நகரும் என்று பிள்ளைகளே சொல்வார்கள். விடையை ஆசிரியர் சொல்லிக் கேட்பதைவிட இது மனதில் நிற்கும்.

மூன்றாவது தயக்கம், நேரம். அதைச் சொல்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்துவது மட்டுமா வேலை? தேர்வுப் பணி, ஆவணப் பணி, ஆய்வுக்குழு வந்தால் கோப்பு தயாரிப்பு. கௌரவ விரிவுரையாளராக இருப்பவருக்கு அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்ற கவலை வேறு. ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்லைடு முடிப்பவரிடம் மாலை ஐந்துக்கே அனுப்பு என்றால் எப்படி? அதற்கும் இந்த ஒரு பக்கம்தான் பதில். நாற்பது ஸ்லைடு தயாராக வேண்டியதில்லை. என்ன நடத்தப்போகிறோம் என்ற தெளிவு இருந்தால் ஒரு பக்கம் எழுத அரை மணி நேரம் போதும். ஒரு முறை எழுதினால் அடுத்த வருஷமும் உதவும்.

நான்காவது, காப்புரிமை. "ஸ்லைடில் புத்தகத்துப் படம் போட்டிருக்கிறேன், வெளியே போனால் வம்பு" என்கிறார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மீது மூன்று பெரிய பன்னாட்டுப் பதிப்பகங்கள் 2012-ல் வழக்குப் போட்டன. பாடத்திட்டத்துக்காகப் புத்தகப் பக்கங்களைத் தொகுத்து அந்தக் கடை மாணவர்களுக்குக் கொடுத்தது. 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம், 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் கற்பித்தலுக்காகப் பிரதி எடுப்பதற்குத் தனியாக விலக்கு தந்திருப்பதைச் சுட்டிக்காட்டி மாணவர்கள் பக்கம் நின்றது. ஆகவே, தம் வகுப்பு மாணவர்களுக்குப் பாடத்துக்குத் தேவையான அளவு கொடுப்பதற்கு ஆசிரியர்கள் இவ்வளவு அஞ்ச வேண்டாம். ஆனால் அந்தக் கோப்பைப் பொது வலைத்தளத்தில் ஏற்றுவதும், ஊர் முழுக்க ஃபார்வர்டு செய்வதும் வேறு விஷயம். இதைப் பெற்றோர்களாகிய நாம் கவனிக்க வேண்டும். பிள்ளைக்கு வந்த ஸ்லைடை இன்னொரு குரூப்பில் போட்டு, இதில் பிழை இருக்கிறது பாருங்கள் என்று ஆசிரியரைக் கேலி செய்தால், அடுத்த முறை அவர் எதையும் அனுப்பமாட்டார்.

இப்போது பழைய ஏட்டிலிருந்து ஒன்று சொல்கிறேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலை நாம் இலக்கண நூலாக மட்டும்தான் நினைவில் வைத்திருக்கிறோம். அதன் தொடக்கத்தில் பொதுப்பாயிரம் என்ற பகுதி இருக்கிறது. ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், எப்படிப் பாடம் சொல்ல வேண்டும், மாணவன் எப்படிக் கேட்க வேண்டும் என்று அதில் வரிசையாக வருகிறது. அங்கே ஒரு கணக்கு உண்டு. ஆசிரியர் சொன்னதை மாணவன் முழுமையாகவே வாங்கிக்கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது கால் பங்கு அறிவுதான். உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசும்போது இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறது. ஒரே பாடத்தை இரண்டாம் முறை கேட்டால் பிழை குறையும், மூன்றாம் முறை கேட்டால் முறையறிந்து பிறருக்குச் சொல்லும் நிலை வரும் என்றும் அதே பகுதி சொல்கிறது.

இந்தக் கணக்கை நம் விஷயத்தோடு வைத்துப் பாருங்கள். ஸ்லைடு என்பது ஆசிரியரின் அந்தக் கால் பங்கில் ஒரு துண்டு. அதை ஒளிப்பதற்கும் அவ்வளவு பெரிய காரணம் இல்லை. அது கிடைத்துவிட்டதால் படித்து முடித்துவிட்டோம் என்று நினைப்பதற்கும் காரணம் இல்லை. முந்தின நாள் பார்த்துவிட்டுப் போனால், வகுப்பில் கேட்பது இரண்டாம் முறை. அன்று மாலை நண்பனுக்குச் சொன்னால் அது மூன்றாம் முறை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் போனில் பி.டி.எஃப். சேர்ந்துகொண்டே போவது படிப்பு இல்லை. "பி.பி.டி. வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு டி.வி. பக்கம் திரும்பிவிடாதீர்கள். "அதில் புரியாதது எது? மூணு சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரிய வேண்டியதில்லை. புரியாதது எது என்று தேடுவதற்காகவாவது பிள்ளை அதைத் திறக்கும். அந்த மூன்றையும் மறுநாள் வகுப்பில் கேட்கச் சொல்லி அனுப்புங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. அனுப்பும் பக்கம் வெள்ளைப் பின்னணியில், பெரிய எழுத்தில் இருக்கட்டும். கறுப்புப் பின்னணி வைத்தால் ஜெராக்ஸில் மை கொட்டிப் படிக்க முடியாமல் வருகிறது. எழுத்தைத் தட்டச்சு செய்து அனுப்புங்கள். போட்டோ பிடித்து அனுப்பினால் வாசித்துக் காட்டும் மென்பொருள் பலவற்றால் அதைப் படிக்க முடியாது. பல பிள்ளைகளிடம் இருப்பது கண்ணாடி உடைந்த சின்ன போன்தான். அதில் தெரிகிறதா என்று உங்கள் போனிலேயே ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கடைசியாக, நம் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. கீழே உள்ள பொது அறை மாலை ஆறு முதல் எட்டு வரை காலியாகத்தான் கிடக்கிறது. அதைக் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். சங்க அலுவலகத்துப் பிரின்டரில், காகிதச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு, மறுநாள் பாடத்தின் அந்த ஒரு பக்கத்தை அச்சிட்டுக் கொடுக்கலாம். மூன்றாம், நான்காம் வருஷம் படிக்கும் அக்காக்களும் அண்ணன்களும் வாரத்தில் இரண்டு நாள் வந்து, முதல் வருஷப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தச் சொற்களைத் தமிழில் சொல்லிக்கொடுக்கலாம். சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு நன்னூல் சொன்ன அந்த அரைப் பங்கு கிடைக்கும். நம் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமில்லை, நம் வீடுகளில் வேலைக்கு வருகிறவர்களின் பிள்ளைகளும், வாட்ச்மேன் அண்ணனின் மகளும் வரலாம் என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் அவர்கள் தயங்கி வராமல் இருந்துவிடுவார்கள்.

ஒரு செமஸ்டர் மட்டும் செய்து பார்ப்போம். இங்கே இருக்கும் ஆசிரியர்கள் தங்கள் பாடங்களில் ஒன்றுக்கு மட்டும் இந்த ஒரு பக்கத்தை முந்தின நாள் அனுப்பிப் பாருங்கள். வகுப்பில் கேள்வி கேட்கிறவர்கள் கூடினார்களா, குறைந்தார்களா என்று குறித்துவையுங்கள். அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் அதைச் சொல்லுங்கள். பயன் இல்லை என்று சொன்னாலும் கேட்டுக்கொள்வோம். எங்கே சறுக்கியது என்று பார்த்து மாற்றிக்கொள்வோம். அறையின் சாவியைப் பொறுப்பெடுத்துக்கொள்ள விருப்பம் உள்ளவர்கள் இன்றே செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.